இரண்டு கலர் ஸ்கிரீன் பிரிண்டில் 500 கல்யாணப் பத்திரிகை, கூடவே மஞ்சப்பையும் மண்டப அட்டைகளும்: வேலைப் பதிவு

வேலையின் அளவு இது. இருவீட்டார் அழைப்பாக ஒரே பத்திரிகை, 500 பிரதி. ஒரு மடிப்பு கொண்ட அட்டை, உள்ளே வழி காட்டும் சிறு தாள், மேலே உறை. அதோடு 500 தாம்பூலப் பை, பந்தி வரிசைக்கான பெயர் அட்டைகள், மண்டப வாசலுக்கு ஒரு பலகை, மொய் நோட்டு. வழி காட்டும் சிறு தாளைத் தவிர அத்தனைக்கும் அரக்குச் சிவப்பு, தங்கம் என்று இரண்டே நிறம்.

சிவகாசியில் அச்சாகி வரும் ரெடிமேட் கார்டை ஆல்பத்தில் பார்த்து, நம்பர் சொல்லி, வாசகத்தை மட்டும் ஏற்றி வாங்குவதுதான் பொதுவான வழக்கம். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனாலும் அதே முறைதான். விலை குறைவு, நாலைந்து நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் அதில் படம் முதலில் உட்கார்ந்துவிடுகிறது. தோரணம், யானை, மண்டபத் தூண் எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் வாசகத்தைத் திணிக்க வேண்டியிருக்கும். தாத்தா பெயர் 7 பாயின்டில் வருவது இதனால்தான். இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறது: முதலில் வாசகம், அதற்கேற்ற எழுத்து, எழுத்துக்கேற்ற மெஷ் (மை இறங்கும் ஸ்கிரீன் துணியின் இழை நெருக்கம்), கடைசியில்தான் அலங்காரம்.

வாசகம் உறுதியாகும் வரை டிசைன் கோப்பைத் திறக்க வேண்டாம்

நாள், கிழமை, தமிழ்த் தேதி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உதாரணமாக 29.01.2026 என்றால் விசுவாவசு ஆண்டு தை 15, வியாழக்கிழமை. அதே 2026-இல் ஏப்ரல் 14-க்குப் பிறகு வரும் முகூர்த்தமென்றால் பராபவ ஆண்டு. பழைய கார்டின் கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றுகிற பழக்கத்தால் ஆண்டின் பெயர் அப்படியே நின்றுவிடும். நிறைய பத்திரிகைகளில் கண்ணில் படுகிற பிழை இது. திதியும் நட்சத்திரமும் முகூர்த்த நேரத்தில் எது நடக்கிறதோ அதுதான் அச்சில் வர வேண்டும். நாள்காட்டித் தாளில் பகல் பாதியில் திதி மாறியிருந்தால், மாறும் மணியையும் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சூரிய உதயத்துக்கு முந்தைய முகூர்த்தத்தில் கூடுதல் கவனம் தேவை. பஞ்சாங்கப்படி நாள் உதயத்தில்தான் மாறும், ஆங்கிலத் தேதியோ நள்ளிரவிலேயே மாறிவிடும். வெள்ளி அதிகாலை 4.30-க்கு முகூர்த்தமென்றால் ‘வியாழக்கிழமை விடிந்தால் வெள்ளிக்கிழமை’ என்று எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியையும் ‘அதிகாலை’ என்ற சொல்லையும் போட்டால்தான் வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் தள்ளி வராமல் இருப்பார்கள். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று வரும்போதும் இதே சிக்கல்தான். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம், தனித்தனித் தேதி, தனித்தனிக் கிழமை. ‘முந்தைய நாள் மாலை’ என்று எழுதிவிட்டுத் தேதியை விடக் கூடாது.

திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வன் என்ற அடைகளைக் குடும்பத்தாரிடம் கேட்டே போட வேண்டும். வீட்டில் இதுதான் கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை, இன்னும் பிள்ளைகள் இருந்தால் திருவளர் என்பது வழக்கம். மறைந்தவர் பெயருக்கு முன் ‘லேட்’ போடாமல் ‘தெய்வத்திரு’ போடலாம். உறவினர் பட்டியல் மட்டும் எந்த வீட்டிலும் ஒரு புரூஃபில் முடிந்ததில்லை. புரூஃப் போன பிறகுதான் இன்னொரு தாய்மாமன் நினைவுக்கு வருவார். அதனால் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே நான்கு வரிக்குரிய வெற்றிடத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டால் பெயர் கூடும்போது எழுத்தைச் சுருக்க வேண்டாம். யாரும் கூடவில்லை என்றாலும் அந்த வெற்றிடம் கார்டுக்கு அழகாகத்தான் இருக்கும்.

வாசகம் வாட்ஸப்பில் யூனிகோடாக வரும். பல டிடிபி மேசைகளில் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய குறியேற்றம்தான். மாற்றியில் போட்டு எடுத்தால் ஸ்ரீ, க்ஷ, ஜ், கௌ இவை நான்கும் உடைகின்றனவா என்று பார்க்க வேண்டும். யூனிகோடிலேயே வேலை செய்தாலும் ‘ஸ்ரீ’ தகராறு செய்யும். ஸ-வில் தொடங்கும் வரிசை ஒன்று, ஶ-வில் தொடங்கும் வரிசை இன்னொன்று. சில எழுத்துருக்கள் ஒன்றைத்தான் கூட்டெழுத்தாகச் சேர்க்கும், மற்றதைப் பிரித்துக் காட்டும். இன்டிசைன், போட்டோஷாப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடக்கும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டும் டிராக்கிங்கைத் தொடவே கூடாது. கால் தனியே விலகி ‘க ா’ என்று நிற்கும். ஹைஃபனேஷனையும் அணைத்துவிட வேண்டும். ‘திருமணத்திற்’ ஒரு வரியிலும் ‘கு’ அடுத்த வரியிலும் வருவது கல்யாணப் பத்திரிகையில் பார்க்கச் சகிக்காது.

எல்லாம் சரியான பிறகு வெள்ளைத் தாளில் வெறும் வாசகத்தை மட்டும் அடித்து, இரு வீட்டிலும் ஒவ்வொருவர் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். படத்தோடு சேர்த்துக் காட்டினால் எல்லாரும் பிள்ளையாரைத்தான் பார்ப்பார்கள், பிழையைப் பார்க்க மாட்டார்கள்.

அட்டைக் கணக்கு

முதலில் நினைத்த அளவு, விரித்த நிலையில் 180 × 240 மி.மீ. 22 × 28 அங்குலத் தாள், அதாவது 559 × 711 மி.மீ. தாளில் இது ஆறுதான் விழும். நீளத்தை 235 ஆகக் குறைத்தால் அகலத்தில் மூன்று (540), நீளத்தில் மூன்று (705), ஆக ஒன்பது கார்டு. ஐந்து மி.மீ. குறைத்ததில் தாள் செலவு மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. 500-க்குப் பத்து சதவீதக் கழிவு சேர்த்து 550 கார்டு, 62 தாள். கழிவு பத்து சதவீதமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கையால் ஸ்கிரீன் இழுக்கும் வேலையில் ஒவ்வொரு கலரும் ஓட்டத்துக்கு வரும் வரை பதினைந்து இருபது கார்டு போகும், மடிப்பில் சில போகும், கடைசி நேரத்தில் ‘இன்னும் பத்து இருக்குமா’ என்ற கேள்வியும் வரும்.

ஒன்பது கார்டு விழும் இந்த அடுக்கில் ஒரு சங்கடம் உண்டு. மடிப்புக்கோடு தாளின் குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓடுகிறது. பெரும்பாலான அட்டைகளில் நார் ஓட்டம் நீளவாக்கில் இருக்கும். அப்படியானால் மடிப்பு நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், மடித்த இடம் வெடித்து வெள்ளை தெரியும். வாங்கும்போதே பார்த்துக்கொள்ள எளிய வழி: ஒரே அளவில் இரண்டு பட்டைகள், ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்கில் வெட்டி, நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் அதிகம் தொங்காமல் விறைப்பாக நிற்பது நார் ஓட்டத்தோடு வெட்டிய பட்டை. குறுக்கு நார்த் தாள் கிடைக்காவிட்டால் மூன்று ஏற்பாடு: பளபளப்புப் பூச்சில்லாத, நிறம் முழுதும் ஊறிய கிரீம் டெக்ஸ்சர் அட்டை, பிளேட்டன் மிஷினில் க்ரீஸிங் (மடிக்கும் கோட்டை அழுத்திப் பள்ளமாக்குவது), மடிப்புக்கோட்டின் இருபுறமும் மும்மூன்று மி.மீ. மை படாத வெற்றிடம். க்ரீஸ் போட்டதில் புடைத்திருக்கும் பக்கம் மடிப்பின் உள்ளே போக வேண்டும். வெளிப்பக்கமாக மடித்தால் க்ரீஸ் போட்டும் வெடிக்கும்.

கனத்தைத் தீர்மானித்தது தபால். சாதாரணக் கடிதத்துக்கு எடை 20 கிராம் படிகளாகக் கணக்கிடப்படுகிறது. 180 × 235 மி.மீ. அட்டை 300 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) 12.7 கிராம், 250 ஜிஎஸ்எம்மில் 10.6 கிராம். உறை விரித்த நிலையில் கிட்டத்தட்ட 0.06 சதுர மீட்டர், 120 ஜிஎஸ்எம் என்றால் 7.2 கிராம், 100 ஜிஎஸ்எம் என்றால் 6 கிராம். உள்தாள் ஏ6 அளவில் 100 ஜிஎஸ்எம், 1.6 கிராம். கனமான கூட்டணி 21.5 கிராம் வருகிறது, அடுத்த படிக்குப் போய்விடும். 250 அட்டை, 100 உறை என்று எடுத்தால் 18.2 கிராம். பசை, மஞ்சள், முகவரி ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் ஒன்றே முக்கால் கிராம் இடம் இருக்கிறது. நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறவர்கள் 300 எடுத்துக்கொள்ளலாம், கையில் வாங்கும்போது அந்தக் கனம் தெரியத்தான் செய்கிறது.

உறையின் உள்ளளவு கார்டைவிட அகலத்தில் 7, நீளத்தில் 10 மி.மீ. கூடுதல்: 125 × 190. உள்தாளும் சேர்ந்து போவதால் இதற்குக் குறைத்தால் மூலை மடங்கும். இதைவிடத் தளர்வாக வைத்தாலும் தபாலில் கார்டு உள்ளே ஆடி உறையின் ஓரத்தைக் கிழிக்கும்.

புள்ளி

தமிழில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யும்போது முதலில் சாவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘கார்த்திக்’ என்ற பெயரில் மட்டும் மூன்று புள்ளி. ஒன்று விழாவிட்டாலும் ‘கார்த்திக’ என்று நிற்கும். 10 பாயின்ட் எழுத்தில் புள்ளியின் விட்டம் பல எழுத்துருக்களில் சுமார் 0.4 மி.மீ. இனி மெஷ் கணக்கு. சென்டிமீட்டருக்கு 120 இழை கொண்ட துணியில் இழைக்கு இழை தூரம் 0.083 மி.மீ., புள்ளிக்கு ஐந்து இழை கிடைக்கும், நன்றாகவே விழும். 77 இழைத் துணியில் தூரம் 0.13, புள்ளிக்கு மூன்று இழை, விழுந்தால் உண்டு. துணிப்பைக்குப் போடும் 43 இழையில் தூரம் 0.23, புள்ளி இரண்டு இழையைக்கூடத் தொடாது.

தங்க மையில் உலோகத் துகள் இருப்பதால் 120 இழைத் துணியில் அடைத்துக்கொள்ளும், 77 போல முரட்டு மெஷ்தான் வேண்டும். எனவே தங்கத்தில் சிறு எழுத்து வேண்டாம் என்ற முடிவு ரசனை சார்ந்ததல்ல. அரக்கு மை, 120 மெஷ், உள்பக்க வாசகம் முழுவதும், குறைந்தது 10 பாயின்ட். தங்க மை, 77 மெஷ், வெளிப்பக்கம் மட்டும்: மேலே ‘உ’, நடுவில் மணமக்கள் பெயர் 30 பாயின்டில், சுற்றி மாக்கோல வரி. கிரீம் அட்டையில் தங்கம் சற்று மங்கலாகத்தான் படிக்கும், அதனால் அதே பெயர்கள் உள்ளே அரக்கில் 20 பாயின்டில் மறுபடி வருகின்றன.

எழுத்துரு தேர்வும் இதைப் பொறுத்ததே. கோட்டின் தடிமன் சீராக இருக்கும் ஹிந்த் மதுரையின் மீடியம் வாசகத்துக்கு, அரிமா மதுரை போல்ட் பெயர்களுக்கு. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் எழுத்துருக்கள் திரையில் கண்ணைப் பறிக்கும், அட்டையில் மெல்லிய கோடு காணாமல் போகும். எழுத்தை அவுட்லைன் ஆக்கிய பிறகு 0.25 பாயின்ட் ஸ்ட்ரோக் கொடுத்தால் புள்ளி கிட்டத்தட்ட 0.1 மி.மீ. பெரிதாகும். இதைவிடக் கூட்டினால் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழி அடைத்துவிடும். சந்தேகமிருந்தால் 0.4 மி.மீ. வட்டம் ஒன்று வரைந்து கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் வைத்துப் பார்க்கலாம், பெயர் வரிகளுக்கு மட்டுமாவது.

வரி இடைவெளி 10 பாயின்டுக்கு 15. ஆங்கிலத்துக்குப் போடும் 12 போட்டால் மேல்வரியின் ‘ளு’, ‘கு’ வால்கள் கீழ்வரியின் ‘தீ’, ‘ரீ’ சுழிகளில் போய் முட்டும்.

கார்டில் சாமிப் படம் வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இப்போது அதிகம். கல்யாணம் முடிந்ததும் பத்திரிகை குப்பைக்குப் போகும், மிதிபடும் என்ற உறுத்தல் நியாயமானது. ‘உ’ ஒன்றே போதும். அதோடு நான்கு மூலையிலும் 15 மி.மீ. சதுரத்தில் எதுவும் அச்சிடாமல் விட வேண்டும். மஞ்சள் தடவ வேண்டிய இடம் அது. தங்க வரி மூலையில் ஓடினால் மஞ்சள் அதன்மேல் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வழுக்கும். கோலத்தை நான்கு பக்க நடுவிலும் நிறுத்திவிட்டால் மூலை தானாகவே காலியாகிறது.

பாசிட்டிவ், எக்ஸ்போஸ், இழுப்பு

பாசிட்டிவை, அதாவது ஸ்கிரீனில் எழுத்தை இறக்க உதவும் கறுப்புப் படியை, ஃபிலிமில் எடுப்பது நல்லது. லேசர் பிரிண்டரில் பட்டர் தாளில் எடுத்தால் டோனர் போதிய கறுப்பாக இருக்காது, சூட்டில் தாளும் கொஞ்சம் சுருங்கும். இரண்டு கலரும் அட்டையின் வெவ்வேறு பக்கத்தில் இருப்பதால் இங்கே சுருக்கம் பாதிக்கவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு கலர் ஒட்டி வந்தால் அதுவே தலைவலி. மிரர் செய்யத் தேவையில்லை. நேராக அச்சிட்டு, டோனர் இருக்கும் பக்கம் ஸ்கிரீனின் அடிப்பக்கத்தில், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் பூச்சைத் தொடும்படி வைத்தால் மேலிருந்து பார்க்கும்போது எழுத்து சரியாக வாசிக்கும். டோனர் மறுபக்கம் இருந்தால் தாளின் கனத்தினூடே வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து, முதல் பலி புள்ளிதான். கண்ணாடியால் நன்றாக அழுத்துவதும் இதற்காகவே.

எமல்ஷன் கம்பெனி சொல்லும் நேரத்தை நம்பாமல் ஒரு சோதனை எடுத்துவிட வேண்டும். பாசிட்டிவின் மேல் கறுப்பு அட்டையை வைத்து ஒவ்வொரு நிமிடமும் ஒரு அங்குலம் நகர்த்தினால் ஒரே ஸ்கிரீனில் ஒன்று முதல் ஐந்து நிமிடம் வரை கிடைக்கும். நேரம் கூடினால் புள்ளிகள் கழுவும்போது திறக்காது. குறைந்தால் எழுத்தின் ஓரம் கரைந்து ரம்பப் பல் போலாகும், ஊசித்துளையும் விழும். புள்ளி எல்லாம் திறந்து, ஓரமும் கூர்மையாக நிற்கும் பட்டைதான் சரியான நேரம். டைக்ரோமேட் கலந்த எமல்ஷன் மலிவு, ஆனால் விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. டயசோ எமல்ஷன் கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே மேல்.

சட்டம் 14 × 18 அங்குலம். அச்சுப் பரப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏழு சென்டிமீட்டராவது துணி இருந்தால்தான் ஓரத்து எழுத்தும் நடு எழுத்தும் ஒரே அழுத்தத்தில் விழும். துணிக்கும் அட்டைக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி தாண்டியதும் துணி உடனே எழும்ப வேண்டும், ஒட்டிக்கொண்டு நின்றால் எழுத்து இரட்டிக்கும். அட்டைக்கு மூன்று இடத்தில் நிறுத்தம்: நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் ஒன்று. மறுபக்கம் அச்சிடும்போதும் அதே மூலையே நிறுத்தத்தில் உட்கார வேண்டும். கட்டிங்கில் அரை மி.மீ. கோணல் இருந்தாலும் அப்போது தெரியாது. மூலை மாறினால் வெளிப்பக்கக் கோலம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

அரக்கு முதலில், தங்கம் பின்னால். தங்கம் மேசையில் உரசினால் கறை விடும், அதனால் அது கடைசி. அரக்கு மை மதுரை, விருதுநகர் வெயிலில் ஸ்கிரீனிலேயே காயும். மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி கலந்து, மேசைப் பக்கத்து ஃபேனை அணைத்துவிட்டு இழுக்க வேண்டும். இருபத்தைந்து முப்பது கார்டுக்கு ஒருமுறை ஸ்கிரீனின் அடியைத் தின்னர் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் புள்ளி அடைக்காது. துடைக்கக் கூடாது, துடைத்தால் மை பரவி அடுத்த கார்டில் நிழல் விழும். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம், இந்த மூன்று வரியை மட்டும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டிலும் பார்த்துக்கொண்டே ரேக்கில் அடுக்க வேண்டும். வாசகம் முழுவதையும் எல்லாக் கார்டிலும் வாசிக்க யாராலும் முடியாது.

தங்கத்துக்கு எடையில் மூன்று பங்கு மீடியம், ஒரு பங்கு பொடி. மீடியம் குறைந்தால் காய்ந்த பிறகும் விரலில் ஒட்டும், கூடினால் பளபளப்பு போய் மஞ்சள் கறை போலாகும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும், கலந்து வைத்தது கறுக்கும். இரவு முழுதும் ரேக்கில் காய்ந்த பிறகே அடுக்கலாம். டிஜிட்டல் பிரிண்டில் தங்கம் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நான்கு கலரில் தங்கம் கிடையாது, கடுகு நிறம்தான் வரும்.

உள்தாள் மட்டும் லேசர் பிரிண்ட், ஏ4-இல் நான்கு, 138 தாள். அதில் வழியும் க்யூஆர் கட்டமும். கட்டம் 20 மி.மீ.-க்குக் குறையாமல், சுற்றி அதன் உள்ளே இருக்கும் மிகச் சிறு சதுரங்கள் நான்கின் அகலத்துக்கு வெள்ளை ஓரத்துடன், கறுப்பில். தங்கத்தில் அடித்த க்யூஆரை பல போன்கள் படிக்காது. படித்தாலும் ஒரே பெயரில் இரண்டு மண்டபம் இருக்கும் ஊரில் தவறான இடத்தைக் காட்டும். ‘பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம், எதற்கு எதிரில்’ என்ற ஒரு வரி எழுத்தில் இருக்கத்தான் வேண்டும்.

மஞ்சள்

இரண்டு தேக்கரண்டி மஞ்சள் பொடியில் சில துளி நீர் விட்டு, விரலில் எடுத்தால் வழியாத பதத்தில் குழைத்து, மூலைக்கு ஒரு தொடல். நீர்த்துப் போனால் பூச்சில்லாத அட்டை உறிஞ்சி மூலை வளையும், உறையின் உட்பக்கமும் மஞ்சளாகும். சோப்புக் கையோடு குழைத்தால் காரம் பட்டுச் சிவந்துவிடும். நிழலில் அரை மணி நேரம் காய வேண்டும். வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். லேமினேஷன் செய்த கார்டில் மஞ்சள் காய்ந்ததும் செதிலாக உதிரும், அது வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

தாம்பூலப் பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையில் ‘நான் ஓவன்’ (நெய்யாத) பைகளும் அடக்கம். துணி போலவே இருப்பதால் பலருக்கு அது பாலிப்ரொபிலின் என்பதே தெரிவதில்லை, கடைகளும் காட்டத்தான் செய்கின்றன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்த பிறகு பருத்தி மஞ்சப்பை எளிதாகக் கிடைக்கிறது. கல்யாண வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பை வேறில்லை, முன்பெல்லாம் தாம்பூலம் கொடுத்ததே அதில்தான். அளவு 10 × 12 அங்குலம். உரித்த தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பலகாரப் பொட்டலம் தாராளமாக அடங்கும்.

43 மெஷ், அரக்கு நிறப் பிக்மென்ட். பைண்டர் பேஸ்ட் ஒரு கிலோவுக்கு நிறம் 40 கிராம், ஃபிக்ஸர் 10 கிராம். 500 பைக்கு இது போதும். எழுத்து 36 பாயின்டுக்குக் குறையக் கூடாது, அந்த அளவில்தான் புள்ளி 1.4 மி.மீ. ஆகி முரட்டு மெஷ்ஷிலும் தப்பிக்கும். தைத்த பையாக இருந்தால் உள்ளே அட்டைத் துண்டு வைத்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மை ஊறி முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கஞ்சி விறைப்பு அதிகமுள்ள துணியில் மை மேலோடு நின்று முதல் துவைப்பிலேயே போய்விடும். வாங்குமுன் ஒரு பையில் தண்ணீர்த் துளி விட்டுப் பார்த்தால் தெரியும்: முத்தாக நின்றால் வேண்டாம், உடனே பரவினால் நல்ல துணி. அச்சிட்டுக் காய்ந்ததும் பின்பக்கமாக, பருத்திக்குரிய சூட்டில் இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். வசதியுள்ள இடத்தில் 150 டிகிரியில் நான்கு நிமிடம். இந்த வேலையை விட்டுவிட்டு ‘மை சரியில்லை’ என்று பழி சொல்பவர்கள் உண்டு.

வாசகம் சுருக்கமாக: பெயர்கள், ஊர், தேதி. காய்கறி வாங்கப் போகும் பை இது. பெரிய படமும் மண்டப முகவரியும் அதில் எதற்கு?

மண்டபத்தில்

பந்தி வரிசை அட்டைகள் 100 × 140 மி.மீ., கூடாரமாக மடித்தவை. இதற்கு மட்டும் 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன் இருபுறமும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் சாம்பார் ஆவியில் மறுபக்கம் ஊறிச் சுருளும். வாசல் பலகை 5 மி.மீ. சன்போர்டில் 24 × 36 அங்குலம், மேட் வினைல். பளபளப்பான வினைல் மண்டப விளக்கில் கண்ணாடிபோல் ஜொலித்துப் பெயரை மறைக்கும். பத்தடித் தூரத்துக்கு எழுத்து ஒரு அங்குல உயரம் என்பது பொதுக் கணக்கு. சாலையிலிருந்து பெயர் தெரிய நான்கு அங்குலமாவது வேண்டும். மேல் தளம், கீழ்த் தளம் என்று இரண்டு கல்யாணம் நடக்கும் மண்டபமாக இருந்தால் அம்புக்குறி கட்டாயம். வேறு வீட்டு மொய் எழுதிவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மொய் நோட்டு, ஏ4 குறுக்கே இல்லாமல் நெடுக்கில். கட்ட அகலம்: வரிசை எண் 12, ஊர் 40, பெயர் 75, தொகை 30, திருப்பிச் செய்தது 33 மி.மீ. கூட்டினால் 190, மீதி 20 தையலுக்கு. ஊரைப் பெயருக்கு முன்னால் வைப்பது பின்னால் தேடும்போது உதவும், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வரி உயரம் 9 மி.மீ., பக்கத்துக்கு 25 வரி, அடியில் பக்கக் கூட்டுத் தொகைக்கு ஒரு கட்டம். மேசை இரண்டென்றால் நோட்டும் இரண்டு, ஒன்றில் வரிசை எண் 1 முதல், மற்றதில் 1001 முதல் அச்சிட்டே கொடுத்துவிட்டால் பிறகு சேர்க்கும்போது குழப்பமில்லை. தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, எழுதுவது பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனாவும் மேசையில் சிந்தும் பன்னீரும் சேர்ந்தால் பாதிப் பக்கம் கரைந்துவிடும்.

அரக்கு ஸ்கிரீனைப் பத்திரிகை முழுவதும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கழுவிவிடலாம். பை ஸ்கிரீனை மட்டும் முகூர்த்தம் முடியும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ‘ஐம்பது பை பத்தவில்லை’ என்ற போன் பெரும்பாலும் வரவேற்புக்கு முந்தின நாள்தான் வரும்.